படக்கதை பகையன்று; கலப்புமொழியே பகை

மழை பொய்த்த கரிசல் மண்ணில் மாந்தர் எதைக்கொண்டு பிழைப்பது என்னும் வினாவுக்குச் சிவகாசி கண்ட விடை தீயும் தாளும் ஆகும். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். தீப்பெட்டிக்குப் படம் பொறித்த ஒட்டுத்தாள் வேண்டியிருந்தது. வெடிக்கட்டுக்கு மேலுறை வேண்டியிருந்தது. அவற்றை அடித்துத் தர அச்சகங்கள் எழுந்தன. அவ்வச்சுத்தொழில் ஈன்ற பிள்ளைகளுள் ஒன்றே இன்று 'காமிக்சு' என்று ஆங்கிலப் பெயரால் வழங்கும் படக்கதை.

1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்சு' என்னும் வெளியீட்டை 'இரும்புக்கை மாயாவி' என்ற கதையோடு தொடங்கினார். 1984இல் அவர் மைந்தர் விசயனை ஆசிரியராகக் கொண்டு 'இலயன் காமிக்சு' வந்தது. அதே ஆண்டில் தினத்தந்தி நிறுவனத்தார் 'இராணி காமிக்சு' தொடங்கி 2005 வரை நடத்தினர். தினத்தந்தி நாளிதழில் 1960இல் தொடங்கிய 'கன்னித்தீவு' இன்னும் கரைசேரவில்லை. இராணி நின்றுவிட்டது; சிவகாசி வெளியீடுகளோ அரை நூற்றாண்டைக் கடந்தும் வருகின்றன.

இப்படக்கதைகளைப் பற்றித் தமிழன்பர்களிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. படக்கதை பிள்ளைகளைக் கெடுக்கும் அயல்நாட்டுக் குப்பை என்பார் ஒரு சாரார். பாடப் பொத்தகத்தின் நடுவே ஒளித்து வைத்த படக்கதையைப் பிடுங்கிக் கிழிப்பதே ஆசிரியர் கடமை என்பது இவர்தம் எண்ணம். பிள்ளை எதையேனும் படித்தால் போதும், மொழி எப்படி இருந்தால் என்ன என்பார் மற்றொரு சாரார். முன்னவர் கலத்தைப் பழித்தனர். பின்னவர் கலத்தில் உள்ளது பாலா நஞ்சா என்று பாராது விட்டனர். இரண்டும் பிழையே.

படமும் சொல்லும் கூடிக் கதை கூறுவது தமிழர்க்கு அயலார் கற்பித்த கலையன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலைப் பயின்றார் இதனை அறிவர். திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தில் காமன், இரதி, அகலிகை, பூனையுருக் கொண்ட இந்திரன் ஆகியோரின் ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்தன. மலைக்கு வந்தோர் அவற்றைச் சுட்டி இவர் யார் என வினவினர். அறிந்தோர் கதை கூறி விளக்கினர். விருதுநகரிலிருந்து மதுரை செல்லும் வழியில் உள்ள அக்குன்றத்தில், பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே மக்கள் படத்தைப் பார்த்துக் கதை பயின்றிருக்கின்றனர்.

அம்மண்டபத்தின் பெயரையே நோக்குக. ஓவியம் தீட்டிய இடம் எழுத்துநிலை மண்டபம். ஓவியம் வரைதலும் எழுதுதலே. ஏட்டில் பொறித்தலும் எழுதுதலே. கண்ணுக்கு மையிடுதலும் எழுதுதலே. படத்தையும் எழுத்தையும் ஒரே வினையால் சுட்டிய மொழி தமிழ். செங்கம் வட்டாரத்து நடுகற்களோ இன்னும் தெளிவான சான்று. ஆநிரை மீட்டு மாண்ட மறவன் வில்லேந்தி நிற்கும் உருவம் ஒருபுறம். அவன் யார், எவ்வரசன் காலத்தில் எதன்பொருட்டுப் பட்டான் என்னும் வட்டெழுத்துச் செய்தி ஒருபுறம். ஒரே கட்டத்தில் முடிந்த படக்கதை அது. இத்தகைய மரபினர் படக்கதையைக் கண்டு முகஞ்சுளிப்பது தம் பாட்டனைக் கண்டு முகஞ்சுளிப்பதற்கு ஒப்பாகும்.

வடிவம் பற்றிய வழக்கு இத்துடன் முடிகிறது. மொழி பற்றிய வழக்கு இனித்தான் தொடங்குகிறது.

சிவகாசி வெளியீடுகள் செய்த நன்மையை மறுத்தல் நன்றியின்மை. பள்ளிப்பாடத்தில் எழுத்துக்கூட்டித் தடுமாறிய சிறுவர் பலர், இரும்புக்கையனின் கதை அடுத்து என்ன ஆகும் என்னும் ஆவலால் தாமே படிக்கக் கற்றனர். அவர்கள் அதனை ஆங்கிலத்தில் படிக்கவில்லை, தமிழில் படித்தனர். இங்கிலாந்து, இத்தாலி, பிரான்சு, பெல்சியம் ஆகிய நாடுகளின் கதைகள் ஒரு கரிசற்காட்டு ஊரின் அச்சகம் வழியாகத் தமிழ் பேசின. இது சிறிய செயலன்று.

ஆயினும் அக்கதைகள் பேசிய தமிழ் எத்தகையது? பிரெஞ்சு மொழிப் படக்கதை ஒன்றின் தலைவன் பெயர் புளூபெர்ரி. தமிழுக்கு வந்தபோது அவன் பெயரை மாற்றினர். மாற்றியவர்கள் தமிழ்ப்பெயர் இட்டிருக்கலாம். 'கேப்டன் டைகர்' என்று இட்டனர். ஓர் அயற்பெயரை நீக்கி மற்றோர் அயற்பெயரைச் சூட்டுதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? 'படைத்தலைவன் வேங்கை' என்றிருந்தால் எந்தச் சிறுவன் பொத்தகத்தை மூடி வைத்திருப்பான்? அரிமா என்னும் அழகிய சொல் இருக்க, வெளியீட்டின் பெயரே 'இலயன்' ஆயிற்று. 'இரத்தப் படலம்' குருதிப் படலமாக வந்திருந்தால் படலம் என்னும் காப்பியச் சொல்லுக்கு இணையான சொல்லும் கிடைத்திருக்கும். உரையாடல்களில் விரவிக் கிடக்கும் ஆங்கிலச் சொற்களைக் கணக்கிடத் தொடங்கினால் விரல்கள் போதா.

தூய தமிழில் எழுதினால் பிள்ளைகட்கு விளங்காது என்பதே பதிப்பிப்போர் வழக்கமாகக் கூறும் விடை. இவ்விடை வேறெங்கேனும் பொருந்தினும் பொருந்தலாம். படக்கதைக்கு ஒருசிறிதும் பொருந்தாது. உரைநடையில் அறியாத சொல் ஒன்று வந்தால் சிறுவன் அங்கேயே நின்று விடுவான். அகரமுதலியைத் தேட வேண்டும். படக்கதையிலோ படமே உரையாசிரியர். செவ்விந்திய மறவன் முதுகில் அம்புக்கூடு தொங்குகிறது. அருகே 'அம்பறாத்தூணியிலிருந்து ஓர் அம்பை உருவினான்' என்று எழுதியிருக்கிறது. அச்சிறுவனுக்கு அச்சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரு பாறைகளுக்கிடையே குதிரைகள் நுழைகின்றன. 'கணவாய்' என்னும் சொல் உள்ளத்தில் பதிகிறது. பாறையிடுக்கில் நீர் ஊறுகிறது. 'சுனை' என்னும் சொல் நாவில் ஊறுகிறது. மறந்துபோன தமிழ்ச்சொற்களை மீண்டும் வழக்கிற்குக் கொணர இதனினும் எளிய வாயில் இல்லை. தனித்தமிழுக்கு அஞ்ச வேண்டிய இடங்களில் கடைசி இடம் படக்கதையே.

இதற்குச் சான்று சிவகாசியிலேயே உண்டு. மின்னோட்டம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் அவனுக்கு ஆங்கில மூலத்தில் இருந்த பெயரைத் தமிழர் எவரும் நினைவில் வைத்திலர். 'இரும்புக்கை' என்னும் தூய தமிழ்ச்சொல் ஐம்பது ஆண்டுகளாய் அழியாதிருக்கிறது. 'மாயாவி' என்னும் வடசொல் 'மறைவோன்' என்றிருந்தாலும் அப்பெயர் அவ்வாறே நிலைத்திருக்கும்.

சப்பானியரைப் பார்த்தேனும் தமிழர் கற்கலாம். அவர்கள் படக்கதையை 'மங்கா' என்பர். சீனர் 'மன்குவா' என்பர். கொரியர் 'மன்வா' என்பர். ஒரே மூலத்தினின்று வந்த சொல்லாயினும் ஒவ்வொருவரும் தத்தம் ஒலிமரபால் அதனைத் தமதாக்கினர். எவரும் ஆங்கிலப் பெயருக்குக் காத்திருக்கவில்லை. சிறுவர்க்கான சப்பானியப் படக்கதைகளில், கடினமான சீன எழுத்துகளின் மருங்கே அவற்றின் ஒலிப்பைச் சிறிய அசையெழுத்துகளால் அச்சிடுகின்றனர். கதையின் விறுவிறுப்பில் பிள்ளை தன்னையறியாமல் எழுத்துக் கற்றுவிடுகிறது. 1990களின் நடுவில் ஒரு சிறுவர் கிழமையிதழ் மட்டும் 60 நூறாயிரம் படிகளுக்கு மேல் விற்ற நாடு அது. அங்குப் படக்கதை மொழியைக் கெடுக்கவில்லை. மொழிக்குக் காவலாக நிற்கிறது. இன்று டோரேமானும் சின்சானும் தொலைக்காட்சி வழியே தமிழ்ச் சிறுவரின் வீட்டு நடுவில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை விரட்டுவது எளிதன்று; அவர்கள் பேசும் தமிழைத் திருத்துவது இயலும்.

சப்பானியரிடம் கற்க வேண்டிய மற்றொரு பாடம் இன்னும் பெரிது. 1945இல் இரோசிமாவில் அணுகுண்டு விழுந்தபோது கெய்சி நாகசாவா ஆறு அகவைச் சிறுவர். தந்தையையும் உடன்பிறப்புகளையும் இழந்து உயிர் தப்பிய அவர், 1973இல் அக்கொடுமையைச் சிறுவர் இதழிலேயே படக்கதையாக வரையத் தொடங்கினார். ஈரானில் பிறந்த மர்சானே சத்ராபி தம் நாட்டுப் புரட்சியையும் போரையும் ஒரு சிறுமியின் கண்வழியே வரைந்தார். தம் மண்ணின் துயரை வரைந்தோரை உலகம் மதித்தது.

சிவகாசியின் தீக்கதையை வரைய வேண்டியவர் யார்? தீக்குச்சி அடுக்கிய குழந்தைகளின் விரல்களைப் பற்றி 1996இல் இந்திய உச்சநயன்மன்றம் தீர்ப்பு எழுதியது; குழந்தையை வேலைக்கு அமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 உருபா செலுத்த வேண்டும் என்றது. 2012 செபுதம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி வெடியாலைத் தீ நேர்ச்சியில் ஏறத்தாழ 40 உயிர்கள் மாண்டன. அத்தீயின் புகை படிந்த வானின்கீழ்தான் அமெரிக்கப் பாலைநிலத்துக் குதிரைமறவர் கதைகள் அச்சாகின்றன. தெக்சாசுத் துப்பாக்கிக்குத் தமிழில் குரல் கிடைத்தது. திருத்தங்கல் சிறுமிக்கும் சாத்தூர்த் தாய்க்கும் அது கிடைக்க வேண்டாவா? அச்சுப்பொறி இங்கே, ஓவியர் இங்கே, கதையும் இங்கே. இவற்றை இணைக்கும் உள்ளம் மட்டுமே வேண்டும்.

எல்லாப் படக்கதையும் எல்லாச் சிறுவர்க்கும் ஆகும் என்று கொள்ளவும் வேண்டா. சப்பானியர் சிறுவர்க்கு ஒன்று, சிறுமியர்க்கு ஒன்று, வளர்ந்தோர்க்கு ஒன்று எனப் பிரித்தே வெளியிடுகின்றனர். வளர்ந்தோர்க்கு உரியதைக் குழந்தை கையில் கொடுப்பது படக்கதையின் குற்றமன்று, கொடுத்தவர் குற்றம். 1954இல் அமெரிக்காவில் வெர்தாம் என்னும் உளமருத்துவர் படக்கதையே இளையோர் குற்றங்களுக்கு வித்து என்று நூல் எழுதினார், ஆட்சிமன்றம் உசாவிற்று, பதிப்பாளர் தமக்குத்தாமே கடுந்தளை பூட்டிக்கொண்டனர். அவர் தம் சான்றுகளைத் திரித்திருந்தார் என்று 2012இல் ஆய்வாளர் ஒருவர் ஆவணங்கொண்டு காட்டினார். அச்சத்தால் எழுதிய தீர்ப்பு நெடுநாள் நில்லாது.

இன்றைய ஏதம் வேறொன்று. அந்நாளில் பேருந்து நிலையக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைத்த படக்கதை, இன்று வழவழப்பான தாளில், பல வண்ணத்தில், நூற்றுக்கணக்கான உருபா விலையில் வருகிறது. அதை வாங்குவோருள் மிகப்பலர் அந்நாளைய சிறுவரான இந்நாளைய நரைமுடியினர். விருதுநகர் அரசுப்பள்ளிப் பிள்ளையின் கையில் இருப்பது கைப்பேசி. படக்கதையை எதிர்த்துக் கிழித்த ஆசிரியர் வெல்லவில்லை. படக்கதை தந்த படிக்கும் பழக்கமே தோற்றது. தமிழைப் படிக்காத பிள்ளையிடம் தனித்தமிழைப் பற்றிப் பேசிப் பயன் என்ன?

ஆதலின், தமிழாசிரியர்கள் கிழித்தலை விடுத்துத் திருத்தலை மேற்கொள்க. பதிப்பாளர்கள் மலிவுத்தாளில் சிறுவர்க்கென்று தனிப்பதிப்புகள் கொணர்க. பெயர்களும் உரையாடல்களும் அச்சேறுமுன் தமிழறிந்தார் ஒருவர் கண்ணில் படச் செய்க. பள்ளி நூலகங்களில் படக்கதைக்கு ஓர் அடுக்கு ஒதுக்குக. ஓவியம் பயிலும் கரிசல் மண்ணின் இளைஞர்கள் தங்கள் ஊரின் தீயையும் வியர்வையையும் தங்கள் மொழியிலேயே எழுதுக. எழுதுதல் என்றால் தமிழில் வரைதலும்தான்.