முப்பது தாண்டின வீரருக்கு எத்தனை வருட ஒப்பந்தம்?

2020 ஓகஸ்டில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் செல்சிக்கு எதிராக ஒபமெயாங் ரெண்டு கோல் அடித்து ஆர்சனலுக்குக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். 'ஆளை விட்டிடாதேங்கோ' எண்டதுதான் அண்டைக்கு ரசிகர்களின் ஒரே கதை. அடுத்த மாதமே மூன்று வருட ஒப்பந்தம். வயது 31. அதற்கு முந்தைய லீக் பருவத்தில் 22 கோல். பிந்தைய பருவத்தில் 10. 2021 டிசம்பரில் ஒழுக்கப் பிரச்சினையால் அணித்தலைவர் பதவி போனது. 2022 பெப்ரவரியில், ஒப்பந்தம் முடிய ஒரு வருடத்துக்கும் மேல் கிடக்கவே, பார்சலோனாவுக்குப் போய்விட்டார்.

இதில் பிழை வீரருடையது மட்டுமில்லை. ஒப்பந்தம் என்பது வரப்போகும் ஆட்டங்களுக்கான விலை. நாங்கள் அதை முடிந்துபோன ஆட்டங்களுக்கான நன்றிக்கடனாக நினைக்கிறோம். ஃபோர்ம் விழுந்தால் அந்தச் சம்பளத்தைக் கொடுத்து அவரை வாங்க வேறு கழகம் வராது. விற்கவும் ஏலாது, விளையாட விடவும் ஏலாது. இளம் பெடியன் ஒருத்தனுக்குரிய இடமும் அடைபட்டுப் போகும். நேற்றுக் கை தட்டின ரசிகரே அவரைத் திட்டத் தொடங்குவார்.

அப்ப, 'முப்பது தாண்டினால் ஒரு வருடம்தான்' என்று சட்டம் போடலாமா? வெங்கர் காலத்து ஆர்சனல் அப்படித்தான் செய்தது. 2006 இல் 32 வயது பிரெஸ், ஒரு வருடம் போதாது என்று, ரெண்டு வருடம் தந்த வியாரியலுக்குப் போனார். போன உடனேயே முழங்கால் காயம். முதல் பருவத்தின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. ஒரு வருட ஒப்பந்தமாக இருந்திருந்தால் அவருடைய கதை அதோட முடிந்திருக்கலாம். ஆனால் அவர் 2010 வரைக்கும் அங்கே விளையாடினார். வீரர்கள் இரண்டாவது வருடத்தைக் கேட்பது பேராசையில்லை, பயம். அந்தப் பயம் நியாயமானது.

ரியல் மட்ரிட்டில் ரெண்டு பக்கத்தையும் பார்க்கலாம். 2021 இல் ராமோஸ் ரெண்டு வருடம் கேட்டார், கழகம் ஒரு வருடம்தான் எண்டது. 16 வருட உறவு முறிந்தது. பிஎஸ்ஜியில் அவருடைய முதல் பருவம் பெரும்பாலும் காயத்திலேயே போனது. மொட்ரிச்சோ ஒவ்வொரு வருடமாகக் கையெழுத்துப் போட்டு, 2022 இலும் 2024 இலும் சம்பியன்ஸ் லீக் வென்று, 39 வயது வரைக்கும் அங்கேயே நின்றார்.

என்னைக் கேட்டால், மொட்ரிச்சின் வழிதான் சரி. ஆனால் அதில் ஒரு திருத்தம் வேணும். குறிப்பிட்ட எண்ணிக்கையான ஆட்டங்கள் விளையாடினால் அடுத்த வருடம் தானாகவே சேர வேண்டும். கழகத்துக்காக விளையாடும்போது காயப்பட்டால், குணமாகும் வரைக்கும் சம்பளம் நிற்கக்கூடாது. இந்த ரெண்டையும் எழுத்தில் கொடுக்காத கழகம் 'ஒரு வருடம்தான்' என்று சொன்னால் அது கெட்டித்தனமில்லை, வெறும் கஞ்சத்தனம்.

நன்றி சொல்ல வேணுமெண்டால் பிரியாவிடை ஆட்டம் வைக்கலாம், பயிற்சியாளர் வேலை கொடுக்கலாம். அதுக்காக மூன்று வருட ஒப்பந்தம் தேவையில்லை.