வலி நின்றால் கல் போயிற்றா?

“கல்லுதானே! வாழைத்தண்டுச் சாறு நாலு நாள் குடிங்க, கரைஞ்சிடும்.” சிறுநீரகக் கல் என்று வாய்திறந்தாலே கிடைக்கும் இலவச வைத்தியம் இது. இதில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பு. 5 மி.மீ.க்குள் உள்ள கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். தண்ணீர் குடிப்பதும் நல்லதே. ஆனால் சர்க்கரை நோயாளிக்குக் கல்லோடு காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் கணக்கே வேறு.

“சாறு கல்லைக் கரைக்கும்.” அதிகம் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட் கல். அதைச் சாறும் கரைக்காது, மாத்திரையும் கரைக்காது. மருந்துக்கு நன்றாகக் கரைவது யூரிக் அமிலக் கல். அதற்கும் மருத்துவர் கண்காணிப்பு வேண்டும்.

“வலி நின்றுவிட்டது, கல் இறங்கிவிட்டது.” சிறுநீர்க்குழாயில் கல் அடைத்தபடியே இருக்க, வலி மட்டும் அடங்கிப்போவதுண்டு. நெடுநாள் சர்க்கரையால் நரம்பு பாதித்தவர்களுக்கு வலி மந்தமாகவே தெரியலாம். கல் போனதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

“காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் போதும்.” அடைத்த சாக்கடையில் பினாயில் ஊற்றி என்ன பயன்? அடைபட்ட சிறுநீரகத்தில் தேங்கிய சிறுநீர் சீழாகிறது. மருந்து அங்கே போதிய அளவு போய்ச் சேராது. கிருமியோ ரத்தத்தில் கலக்கிறது. ஆன்டிபயாட்டிக்கோடு அடைப்புக்கும் உடனே வழி திறக்க வேண்டும். உள்ளே ஸ்டென்ட் வைப்பார்கள், அல்லது முதுகு வழியாகக் குழாய் செருகிச் சீழை வடிப்பார்கள். கல்லை எடுப்பது கிருமி அடங்கிய பிறகு.

“சர்க்கரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” இட்லி மாவு பொங்குவதைப் பார்த்திருக்கிறோம். உடலில் சர்க்கரை மிகுந்திருந்தால் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் அதைப் புளிக்கவைத்து, சிறுநீரகத்துக்குள்ளேயே வாயுவை உண்டாக்கும், திசு அழுகும். எம்ஃபைசிமேட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ் என்ற இந்த நோய் 1898-லேயே பதிவாகியிருக்கிறது. இதற்கு ஆளாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். பலருக்குக் கல்லோ வேறு அடைப்போ இருக்கும். முன்பு சிறுநீரகத்தையே அகற்றுவார்கள். இன்று சி.டி. ஸ்கேனில் சீக்கிரம் கண்டுபிடித்து, சீழை வடித்தால் பலருக்கு அதைக் காப்பாற்றிவிடலாம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

வாழைத்தண்டு கூட்டாகத் தட்டில் இருக்கட்டும், குறையில்லை. ஆனால் கல் உள்ள சர்க்கரை நோயாளிக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, “விடியட்டும், பார்க்கலாம்” என்று படுக்கவைக்காதீர்கள். அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.