மருதானைக் கறுவாவும் மெக்சிக்கோக் குழம்பும்

கறுவாத்தோட்டம் என்றால் இன்று கொழும்பு ஏழின் பெரிய வீடுகளும் தூதரகங்களும்தான் நினைவுக்கு வரும். தோட்டம் என்று சொல்லத் தகுந்த ஒன்று அங்கே உண்மையிலேயே இருந்தது. அது மருதானைப் பக்கத்தையும் சேர்த்துப் பரந்து கிடந்தது. 1765 முதல் 1785 வரை ஆளுநராக இருந்த ஃபால்க் காலத்தில்தான் டச்சுக்காரர் இங்கே கறுவாவை நட்டுப் பயிராக்கினார்கள். அதற்கு முன் காட்டில் தானாக வளர்ந்த மரத்தைத் தேடிப்போய் உரிக்க வேண்டும். அந்தக் காடுகளில் பெரும்பகுதி கண்டி அரசன் வசம். அரசனோடு மனக்கசப்பு வந்தால் அந்த ஆண்டு கப்பலில் ஏற்றக் கறுவா இராது. இன்று ரயில் நிலையமும் எல்பின்ஸ்டன் அரங்கும் டவர் மண்டபமும் நிற்கிற இந்த வட்டாரத்து மணலில் கறுவாக்கன்று நட்டதற்குக் காரணம் அதுதான்.

அந்தக் கறுவா போன இடங்களில் முக்கியமானது மெக்சிக்கோ. டச்சுக்காரர் ஸ்பெயினுக்கு விற்றார்கள், ஸ்பெயின் தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பியது. அங்கே அதைச் சொக்கலேற் பானத்தில் போட்டுக் குடித்தார்கள். டச்சுக்காரரும் போய் ஆங்கிலேயரும் போய்விட்டார்கள், அந்த வாடிக்கை மட்டும் போகவில்லை. இன்றும் இலங்கைக் கறுவாவை உலகில் அதிகம் வாங்கும் நாடு மெக்சிக்கோ. மண்பானையில் காய்ச்சும் கோப்பியில், அரிசியை ஊறவைத்து அரைத்துச் செய்யும் ஓர்ச்சாத்தாவில், பால்சோற்றில், மோலே என்ற குழம்பில் எல்லாம் நம் கறுவாதான் மணக்கிறது.

புறக்கோட்டையில் மொத்தமாகச் சரக்கு விற்கும் கடையொன்றில் கறுவா கேட்டேன். கடைக்காரர் ஒரு சுருளை எடுத்து விரலால் நசுக்கிக் காட்டினார். "அக்கா, இது மெக்சிக்கன். அல்பா வேணுமெண்டா சொல்லுங்கோ, விலை கூடத்தான்." ஏதோ கடைப்பேச்சு என்று நினைக்க வேண்டாம், தரத்தின் பெயரே அது. விரல் நுனியைவிட மெலிந்த சுருள் அல்பா. அடுத்தது கொன்டினென்டல், அதற்கும் தடித்தது மெக்சிக்கன், எல்லாவற்றிலும் தடித்தது ஹம்பர்க். பித்தளைக் கோலால் தேய்த்துப் பட்டையை இளக்கி, கத்தியால் கிழியாமல் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி நிழலில் உலர்த்தும் தொழிலாளியின் வாயிலும் அந்த நாட்டின் பெயர் அன்றாடம் புழங்குகிறது. ஆனால் அந்த நாட்டில் இதைப் போட்டு என்ன சமைக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை.

கேட்டவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பீற்றர் குருவிட்ட. தந்தை சிங்களவர், தாய் ஒஸ்திரியாக்காரர், பிறந்தது லண்டனில். பீற்றர் சிறு பிள்ளையாக இருக்கும்போது அந்தக் குடும்பம் லண்டனிலிருந்து இலங்கைக்குப் பெரும்பாலும் தரைவழியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தது. வந்து சேர்ந்த இடம் தெஹிவளை. மருதானையில் கரையோர ரயில் ஏறினால் வெள்ளவத்தைக்கு அடுத்த நிறுத்தம். அங்கே அப்பம்மாவின் விறகடுப்புச் சமையலறையில் வளர்ந்த பையன், பிறகு குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போய், இளவயதிலேயே சமையல் தொழிலுக்கு வந்தார். சிட்னித் துறைமுக ஓரத்தில் அவர் நடத்திய ஃப்ளையிங் ஃபிஷ் உணவகம் பேரெடுத்தது. 2009இல் 'செரெண்டிப்' என்ற சமையல் நூல் வந்தது. அப்பம்மாவின் சமையலறைதான் அதன் மூலம். அதன்பின் அவுஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் முதலில் இலங்கை, அடுத்து தீவு நாடுகள், 2014இல் மெக்சிக்கோ என்று ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சிகள் செய்தார்.

அவர் மெக்சிக்கோ சமையலையே தொழிலாகக் கொண்டவர் அல்ல. அப்படி ஆயுளையே கொடுத்தவர் ரிக் பேலெஸ். 1953இல் ஒக்லஹோமாவில் பிறந்தார், பெற்றோர் இறைச்சி வாட்டி விற்கும் உணவகம் நடத்தினார்கள். படித்தது மானிடவியல் மொழியியல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். 1970களின் இறுதியிலேயே பொதுத் தொலைக்காட்சியில் மெக்சிக்கோ சமையல் நிகழ்ச்சி ஒன்றை நடத்திவிட்டார். நம்மில் ஒருவராக இருந்தால் அந்தப் பெயரை வைத்துக் கடை திறந்திருப்போம். அவரோ மனைவி டியானோடு மெக்சிக்கோவுக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஊர் சுற்றினார். சந்தை, தெருக்கடை, வீட்டு அடுப்படி என்று பார்த்துக் குறித்ததெல்லாம் 1987இல் புத்தகமாக வந்தது. சிக்காகோவில் ஃப்ரொன்டேரா கிரில் திறந்ததும் அதே ஆண்டுதான். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.இல் 2003இல் தொடங்கிய அவருடைய தொடரில் மெக்சிக்கோவின் ஒரு சந்தையில் கண்டதைச் சிக்காகோவில் தன் வீட்டு அடுப்பில் வைத்துச் செய்து காட்டுவார். மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சமைப்பார். உணவக ஊழியர்களையும் மெக்சிக்கோவுக்கு அழைத்துப்போய்ச் சாப்பிட்டுப் பார்க்க வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. 2009இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றின் இறுதிச் சுற்றில் அவர் வைத்தது மெக்சிக்கோவின் ஓஹாக்கா மாநிலத்துக் கறுப்பு மோலே. அதில்தான் வென்றார். அடுத்த ஆண்டு மெக்சிக்கோ ஜனாதிபதிக்கு வெள்ளை மாளிகையில் விருந்து சமைத்ததும் அவர்தான்.

அந்த மோலேயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. காய்ந்த மிளகாயில் மூன்று நான்கு வகையை விதை நீக்கி, தனித்தனியே வறுத்து ஊறவைப்பார்கள். எள், வாதுமை, முந்திரி வற்றல், கராம்பு, கறுவா ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதம். தடிப்புக்குக் கொஞ்சம் சோள ரொட்டி, கடைசியில் கைப்பான சொக்கலேற். எல்லாம் அரைத்து, எண்ணெயில் சுண்ட வதக்கி, மணிக்கணக்கில் கொதிக்க வைப்பார்கள். செத்தல் மிளகாயைக் கறுக்க வறுத்துத் தூளிடிக்கும் நம் பெண்களுக்கு அந்தப் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை. கருகலுக்கும் கறுப்புக்கும் நடுவில் எங்கே இறக்க வேண்டும் என்று மூக்கு சொல்லும். அந்த மிளகாயும் மெக்சிக்கோவிலிருந்துதான் போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்தது. நாம் அனுப்பிய கறுவாவும் அவர்கள் அனுப்பிய மிளகாயும் இரண்டு நாட்டுச் சட்டியிலும் ஒன்றாகக் கொதிக்கின்றன.

வெள்ளைக்காரர் ஒருவர் மெக்சிக்கோ சமையலால் பேரும் பணமும் சம்பாதிப்பது நியாயமா என்று பேலெஸைக் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்த ஊரில் பிறந்து அதே சமையலை நன்றாகச் செய்கிறவருக்கு அந்த மேடை கிடைப்பது அரிது. ஆனாலும் அவர் பக்கமே என் மனம் சாய்கிறது. காரணம், அவர் கேட்டுப் படித்தார். அவருக்கு முன்பே அப்படிப் படித்தவர் டயானா கென்னடி என்ற ஆங்கிலேயப் பெண். 1957இல் மெக்சிக்கோவுக்கு வந்து, தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்து, எந்தச் சமையலை யாரிடம் கற்றார் என்று பெயர் சொல்லி எழுதியவர். 2022இல் 99 வயதில் மெக்சிக்கோவிலேயே காலமானார்.

கேட்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சோளமே சாட்சி. மெக்சிக்கோப் பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் கழுவி, பிறகுதான் அம்மியில் அரைப்பார்கள். வெற்றிலைக்கு நாம் தடவுகிற அதே சுண்ணாம்பு. சோளத்தில் உடம்புக்குப் பிடிபடாமல் ஒட்டிக் கிடக்கும் பி3 விற்றமினை அது பிரித்துக் கொடுக்கிறது. ஐரோப்பியர் சோளத்தை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். அரைத்தவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. சோளத்தை மட்டுமே உண்டு வாழ்ந்த ஏழைகளுக்கு ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் பின்னர் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் பெலாக்ரா நோய் வந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலித்து, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணின் அறிவை மதிக்காததற்கு இத்தனை உயிர்.

மெக்சிக்கோவின் மரபுச் சமையலை 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை முதலில் சேர வேண்டியது அம்மிக்கு முன்னால் முழங்காலில் இருந்து அரைத்த அந்தப் பெண்களுக்குத்தான்.

நம் தமிழ் அலைவரிசைகளில் சமையல் நிகழ்ச்சிக்குக் குறைவில்லை. நடத்துகிறவர்களின் திறமையையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நிகழ்ச்சி அநேகமாகக் கலையகத்தைவிட்டு வெளியே வருவதில்லை. பளபளக்கும் மேடை, கிண்ணம் கிண்ணமாக நறுக்கி வைத்த காய், விளம்பரதாரரின் தூள் பக்கெற். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் வைக்கும் மீன்குழம்பு அடுத்த ஒழுங்கையில் வேறு மாதிரி. ஒரு வீட்டில் பழப்புளி, மறுவீட்டில் கொறுக்காய்ப்புளி. ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மற்றது தூத்துக்குடியிலிருந்து எப்போதோ வந்த பரவர் குடும்பம். மருதானையில் முஸ்லிம் வீட்டு வட்டலப்பம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. இதையெல்லாம் எழுதி வைத்தவர் எத்தனை பேர்? சமைத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எந்த அலைவரிசையாவது முன்வந்தால் முதல் நிகழ்ச்சிக்கு இடம் நான் சொல்கிறேன். மருதானையின் ஒழுங்கைகளில் விடிய முன் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நாலு மணிக்குக் கமராவோடு போக வேண்டும், இரவலுக்கு ஒரு சமையல் நிபுணரைக் கூட்டிப்போகத் தேவையில்லை. மாவை எவ்வளவு வறுப்பது, தண்ணீர் எந்தச் சூட்டில் ஊற்றுவது, சிவப்பரிசிக்கும் வெள்ளைக்கும் குழைப்பதில் என்ன வித்தியாசம், முதலில் யார் சொல்லித்தந்தது, தட்டு ஒன்றுக்குக் கடை என்ன விலை கொடுக்கிறது என்று கேட்க வேண்டும். பதில் சொல்லும்போது அவர்களுடைய பெயர் திரையில் இருக்க வேண்டும், நேரத்துக்குப் பணமும் கொடுக்க வேண்டும்.