தம்பி யாரு பையன்?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பையன் வேலை கேட்டு எந்த வாசலில் போய் நின்றாலும் முதலில் எழும் கேள்வி, 'தம்பி யாரு பையன், எந்தூரு?' என்பதுதான். கொப்பரைக் களம், நார் மில், லேத் பட்டறை, எல்லா இடத்திலும் இதுவே வழக்கம். இக்கேள்வியில் வாஞ்சையும் உண்டு, விசாரணையும் உண்டு. பதினாறு வயதில் ஒரு திருட்டு வழக்கில் சிக்கி மீண்ட பையனுக்கோ அது விசாரணையாக மட்டுமே கேட்கும். அவனைப் பற்றியே இங்கு சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

நம் சட்டம் அவன் விஷயத்தில் பெருந்தன்மையுடன்தான் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18ஆம் பிரிவில், இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் பல வழிகளைத் திறந்துவைத்துள்ளது. அறிவுரை கூறி அனுப்பலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். அதிகபட்சமாக 3 ஆண்டுகள் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். சமூக சேவை என்பது 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. பூங்காவைச் சுத்தம் செய்தல், முதியோருக்குப் பணிவிடை, மருத்துவமனையில் உதவி என்று 2016ஆம் ஆண்டின் விதிகள் அதற்கு எடுத்துக்காட்டுகளும் தருகின்றன. பெரியவர்களைப் போல விசாரிக்கப்படும் கொடுங்குற்ற வழக்குகள் நீங்கலாக, பழைய குற்றம் சிறாரின் பிற்கால வாழ்வுக்குத் தகுதிக்குறைவு ஆகாது என்கிறது 24ஆம் பிரிவு. சிறாரின் அடையாளத்தை வெளியிடலாகாது என்கிறது 74ஆம் பிரிவு. ஆனால் சட்டம் அழிக்கச் சொல்லும் பதிவை ஊர் அழிப்பதில்லை. நம் கவலையெல்லாம் இதுவே.

சமூக சேவை என்ற சொல்லே இன்று கேலிக்குரியதாகிவிட்டது. 2024 மே மாதத்தில் புனேயில் சொகுசுக் கார் மோதி இருவர் இறந்த வழக்கில், 17 வயதுச் சிறுவனுக்குப் பிணை வழங்கியபோது 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாடே கொதித்தது, கொதித்ததில் நியாயமும் இருந்தது. எனினும், வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த சலுகையைப் பார்த்துவிட்டு, சைக்கிள் திருடிய கூலிக்காரர் மகனுக்கும் அவ்வழியை அடைத்துவிடுவது என்ன நியாயம்?

மாற்று என்னவென்று பார்த்தால் மனம் கனக்கிறது. 2022 டிசம்பரில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன், செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்ட சில நாட்களிலேயே இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக அங்கிருந்த பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். அதன் பின்னரே இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்துவது குறித்து ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2023இல் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. ஒரு பேட்டரிக்கு ஓர் உயிர் என்ற கணக்கை எந்த அறநூலும் ஒப்பாது.

நிற்க. பொள்ளாச்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இளங்குற்றவாளிகளுக்காகப் பரிந்து பேசலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். 2019இல் வெளிப்பட்ட அந்தப் பாலியல் வழக்கில் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் 2025 மே 13 அன்று சாகும்வரை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தீர்ப்பில் நமக்கு மாறுபாடு இல்லை. அவர்கள் வயது வந்தவர்கள். செய்ததும் திட்டமிட்ட கொடுமை. அந்தக் கோபத்தை, அறியாப் பருவத்தில் கைநீட்டிய பையன் மீது இறக்கிவைப்பது அப்பெண்களுக்குச் செய்யும் நீதியாகிவிடாது.

இதே மண்ணுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்து ஓடியது. அதை வாங்கித் தாமே ஓட்டியவர் ஜி. டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. உணவு விடுதியில் வேலை பார்த்துக் காசு சேர்த்தவர். பேருந்து வாங்கக் கடன் கொடுத்து உதவியவர் ஸ்டேன்ஸ் துரை. நாயுடு குற்றம் எதுவும் செய்தவரல்லர். ஆகவே இது நேரான ஒப்புமையன்று. படிப்பைப் பாதியில் விட்ட ஓர் இளைஞனிடம் ஒருவர் நம்பிக்கை வைத்தார், அதனால் கோவை என்ன பெற்றது என்பதைச் சொல்லவே அவரை நினைவுகூர்கிறோம்.

நாம் கேட்பது பெரிதன்று. பையன் மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளட்டும். நம் போன்றோர் புழங்கும் கிளை நூலகத்தில் புத்தகம் அடுக்கட்டும். முதுகில் பலகை மாட்டாமல், படம் பிடித்துப் போடாமல் அது நடக்கட்டும். அது முடிந்ததும் ஒரு பட்டறை அவனைத் தொழில் பழக ஏற்கட்டும். தொழிற்பழகுநர் சட்டம் 14 வயது முதலே அதற்கு இடம் தருகிறது; ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் 18 ஆக வேண்டும். பழகும் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. குழுமம் உத்தரவு போடலாம், நன்னடத்தை அலுவலர் கண்காணிக்கலாம். ஆனால் ஸ்பேனரைக் கையில் கொடுக்க வேண்டியவர் நம் ஊர்க்காரர்.

அடுத்த முறை அப்படியொரு பையன் வாசலில் வந்து நின்றால், 'யாரு பையன்?' என்பதை விடுத்து, 'என்ன வேலை தெரியும் தம்பி?' என்று கேட்டுப் பார்ப்போம். தெரியாது என்றால், கற்றுக்கொடுப்போம்.