கிடாருக்கு எண்ணெய்க் குளியல்

ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் சைக்கிள்கள் தயாராகின்றன. அவற்றின் முத்திரையில் இருப்பவை மூன்று இசைக்கவைகள். வாத்தியக் கம்பெனி ஒன்றிலிருந்து 1955-இல் பிறந்த மோட்டார்க் கம்பெனி அது. உறவு முத்திரையோடு நிற்கட்டும். மோட்டாருக்கு எண்ணெய் விடுவதுபோல் கிடாருக்கும் விட வேண்டும் என்று நம்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அங்கே ஷிப்டு வேலை பார்க்கும் பையன் ஒருவன், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கிடாரைக் கொண்டுவந்து காட்டினான். விரல் பலகை முழுவதும் தேங்காயெண்ணெய். சிக்கு வாடை வீசியது, தந்திகளில் பிசுக்கு. "மரம் காய்ந்துவிடும், மாதாமாதம் எண்ணெய் போடு என்றார்கள் சார்" என்றான்.

இது குளிர்நாட்டுக்காரனின் கவலை. அவன் வீட்டில் மாதக்கணக்காகக் கணப்பு எரிகிறது. காற்று வறண்டு மரம் சுருங்கினால், உலோக மெட்டுகளின் முனை வெளியே துருத்திக் கையைக் கீறும். அதற்கும் மருந்து காற்றில் ஈரம்தான். எண்ணெய் தண்ணீர் ஆகிவிடாது. நம் ஊரிலோ ஐப்பசியில் துவைத்த சட்டையே காய மறுக்கிறது. மரம் மட்டும் வறண்டுவிடுமா? இரவும் பகலும் ஏர்கண்டிஷன் அறையில் கிடக்கும் வாத்தியத்தின் கதை வேறு.

"வீணை வித்வான்கள் எண்ணெய் வைத்துக்கொள்வதில்லையா?" என்று கேட்பார்கள். வைத்துக்கொள்கிறார்கள், விரலுக்கு! வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் நிற்கின்றன. தந்திமேல் விரல் வழுக்கி ஓடத்தான் அந்த எண்ணெய். அது மரத்துக்குச் செய்யும் வைத்தியம் அல்ல.

கிடார்ப் பலகைக்குப் பேர்போனது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அதைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே செய்தது. இயல்பாகவே எண்ணெய்ப் பசை உள்ள மரம் அது. அதன் தலையில் சமையல் எண்ணெயைக் கொட்டினால், காற்றுப் பட்டுக் கெட்டு அழுக்கைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து ஏடு கட்டும். அதில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றவும் கூடும். எலுமிச்சை எண்ணெய் என்று சின்னப் புட்டியில் விற்பதோ பெரும்பாலும் கனிம எண்ணெயும் கொஞ்சம் வாசனையும். வாசனை வேண்டாதவர்களுக்கு மருந்துக் கடை லிக்விட் பாரஃபின் போதும். அது சிக்குப் பிடிக்காது.

அதுவும் எப்போது? வருஷத்துக்கு ஒரு தரம், தந்தி மாற்றும்போது, துணியில் நாலு சொட்டு. பத்து நிமிஷத்தில் அழுந்தத் துடைத்துவிட வேண்டும். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்கு அதுவும் வேண்டாம்.

மற்ற நாளெல்லாம் வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி. அதற்கு விலை இல்லை; ஆகவே அதைப் பற்றிச் சொல்ல வியாபாரி யாருக்கும் வாயில்லை. அந்தப் பையனின் மிச்சச் சம்பளம் புதுத் தந்திக்குப் போகட்டும், புட்டிக்குப் போக வேண்டாம்.