காலிக் கோட்டை மதில்மேல் ஒரு மாலை

கொழும்பிலிருந்து காலிக்கு ரயிலில் போகிறீர்களா? வலதுபக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். பாதி வழிக்குக் கடல் கூடவே வரும். ஸ்டேஷனில் இறங்கினால் கோட்டை நடக்கிற தூரம்தான்.

1588-ல் போர்ச்சுக்கீசியர் கட்டியது. 1640-ல் டச்சுக்காரர்கள் பிடித்து, மதிலை ஊரைச் சுற்றி வளைத்தார்கள். பிறகு ஆங்கிலேயர். பழைய வாசலில் இதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்: வெளிப்பக்கம் பிரிட்டிஷ் சின்னம், உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் டச்சுக் கம்பெனியின் சின்னம், 1669 என்ற ஆண்டு, உச்சியில் ஒரு சேவல்!

உள்ளே கஃபேக்களும் நகைக்கடைகளும்தான் அதிகம். விலை கொஞ்சம் கடிக்கும். எனக்குப் பிடித்தது மதில்மேல் நடப்பதுதான். டிக்கெட் கிடையாது. நான்கு மணிக்கு மேல் ஏறுங்கள். அதற்கு முன்னால் வெயில் மண்டையைப் பிளக்கும்.

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே ஒரு வெள்ளைக் கட்டடம். சர்ச் என்றே நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "பள்ளிவாசல் தம்பி" என்றார், தமிழில்! கோட்டைக்குள் தலைமுறைகளாக வாழும் சோனகர்களுக்கு வீட்டு மொழி தமிழ்தான்.

2004 டிசம்பர் 26 பற்றிக் கேட்டேன். அன்று காலை அவர் கோட்டைக்குள் வீட்டில் இருந்தாராம். கடல் எழும்பி வந்து மதிலில் மோதியது. உள்ளே வந்த தண்ணீர் கொஞ்சம்தான். வெளியே பஸ் ஸ்டாண்டில் பஸ்களே மிதந்தன. மதிலை ஒட்டியுள்ள கிரிக்கெட் மைதானமும் மூழ்கியது. அங்கே மறுபடி டெஸ்ட் ஆட 2007 டிசம்பர் ஆகிவிட்டது.

"இந்த மதில் இல்லாட்டி நான் உங்களோட கதைச்சிட்டு இருக்க மாட்டேன்" என்றவர், சற்று நிறுத்தி, "தம்பிக்காரன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான்" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

பீரங்கிக்குப் பயந்து கட்டிய சுவர். முந்நூறு வருஷம் கழித்துக் கடலையே தடுத்திருக்கிறது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும்.

சூரியன் இறங்கும் நேரம் கொடிப்பாறைப் பக்கம் கூட்டம் சேர்ந்தது. பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் பாங்கு சத்தம் கேட்டு எழுந்தார். "ராவைக்கு இங்கதான் தங்குறீங்களா?" என்றார். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றேன். "அப்ப கெதியா நடங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசல் படியேறினார்.