அடைப்புக்குறிக்குள் ஒரு பயிற்சியாளர்

பருவத்தின் நடுவே தலைமைப் பயிற்சியாளர் விலகுகிறார் அல்லது விலக்கப்படுகிறார். துணைப் பயிற்சியாளர் ஒருவர் அவ்விடத்தில் நிறுத்தப்படுகிறார். எவரும் எதிர்பாராத வகையில் அணி வெற்றிகளைக் குவிக்கிறது. மார்ச் மாதம் பிறந்ததும் இரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்: இவரையே நிலையாக நியமித்துவிடலாமா, கூடாதா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைக் கவனித்துவரும் எவரும் இந்த வழக்காடலை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். இரு கட்சியாருமே தவறான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு வாதிடுகிறார்கள் என்பது நம் கருத்து.

இவ்வாதங்களுக்கெல்லாம் மூலக்கதை 1989ஆம் ஆண்டின் மிச்சிகன் பல்கலைக்கழகம். தேசியப் போட்டித்தொடர் தொடங்கச் சில நாள்களே இருக்கையில், தலைமைப் பயிற்சியாளர் பில் ஃப்ரீடர் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றார். தொடர் முடியும்வரை மிச்சிகனிலேயே இருந்து அணியை நடத்த அவர் விரும்பினார். விளையாட்டுத்துறை இயக்குநராக இருந்த போ ஷெம்பெக்லர் அதற்கு இசையவில்லை. மிச்சிகன் அணியை மிச்சிகனைச் சேர்ந்தவரே நடத்துவார் என்று சொல்லி, துணைப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபிஷரிடம் அணியை ஒப்படைத்தார். அதற்குமுன் எந்தக் கல்லூரி அணிக்கும் ஃபிஷர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. ஆறு ஆட்டங்கள், ஆறும் வெற்றி. அந்த ஆறில் கிளென் ரைஸ் எடுத்த 184 புள்ளிகள் இன்றும் சாதனையாக நிற்கின்றன. சீட்டன் ஹால் அணிக்கெதிரான இறுதியாட்டம் கூடுதல் நேரம்வரை நீண்டது. மூன்றே நொடிகள் எஞ்சியிருந்தபோது ருமீல் ராபின்சன் தமக்குக் கிடைத்த இரண்டு தனி எறிதல்களையும் கூடையில் சேர்த்தார். 80க்கு 79. சில நாள்களிலேயே ஃபிஷரின் பதவி நிலையாக்கப்பட்டது.

நியமிக்க வேண்டும் என்போர் இக்கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் இன்னும் சில பக்கங்களைப் புரட்ட வேண்டும். அணியின் ஆதரவாளர் ஒருவரிடம் வீரர்களுக்கிருந்த பணத்தொடர்பு பற்றிய விசாரணையை அடுத்து 1997இல் ஃபிஷர் நீக்கப்பட்டார். அவ்விடத்தில் பிரையன் எல்லர்பி இடைக்காலப் பயிற்சியாளரானார். 1998இல் முதன்முறையாக நடந்த பிக் டென் போட்டித்தொடரை அவருடைய அணி வென்றது. அவரும் நிலையாக்கப்பட்டார், 2001இல் வெளியேற்றப்பட்டார். ஒரே பல்கலைக்கழகம் ஒரே வழியை இருமுறை பின்பற்றி, முற்றிலும் வேறான இரு விளைவுகளைக் கண்டது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு டெக்சஸ். 2022 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளர் கிறிஸ் பியர்ட் இடைநீக்கம் செய்யப்பட்டு, 2023 ஜனவரியில் பணிநீக்கமும் செய்யப்பட்டபோது ராட்னி டெர்ரி அணியை ஏற்றார். பிக் 12 போட்டித்தொடரை வென்று, தேசியத் தொடரில் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக டெக்சஸை நிறுத்தினார். 2008க்குப் பிறகு அவ்வணி எட்டிய உயரம் அது. மயாமியிடம் தோற்ற மறுநாளே அவர் நிலையான பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார், ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. அடுத்த இரு பருவங்களிலும் தேசியத் தொடருக்குள் அணியைக் கொண்டுசேர்த்தும், 2025 மார்ச்சில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

வேண்டாம் என்போரின் வாதத்தையும் எடைபோடுவோம். வென்றவர்கள் முன்னவர் சேர்த்த வீரர்கள். இவர் சேர்த்தவர் எவருமில்லை. ஆகவே வெற்றி இவருடையதன்று என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் தோல்வி நேர்ந்தால் அதே நியாயம் செல்லுபடியாவதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் 1994-95 பருவத்தைப் பாருங்கள். மைக் ஷஷெஃப்ஸ்கி முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல் தேறாமல் விலகியிருந்தபோது, துணைப் பயிற்சியாளர் பீட் காடெட் அணியை நடத்தினார். 4 வெற்றி, 15 தோல்வி. ஷஷெஃப்ஸ்கி சேர்த்த வீரர்கள் ஆடித் தோற்ற அந்த 15 ஆட்டங்களும் ஏட்டில் காடெட்டின் பெயரிலேயே நிற்கின்றன. அக்கால விதியின்படி ஆண்டுக்கு 16,000 டாலருக்குமேல் ஊதியம் பெற முடியாத வகைப் பயிற்சியாளராக அவர் இருந்தார் என்பதையும் நினைவில் கொள்வோம். அப்பருவத்தோடு அவர் டியூக்கை விட்டுச் சென்றார். வென்றால் வெற்றி முன்னவருக்கு, தோற்றால் தோல்வி இவருக்கு என்பது எந்த ஊர்க் கணக்கு?

தமிழ் அலுவலக வழக்கில் இந்நிலைக்கு ஒரு சொல் உண்டு. பதவிப்பெயரை எழுதி, அருகே அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று குறிப்போம். நம்மை அறியாமலேயே அச்சொல் உண்மையைச் சொல்லிவிடுகிறது: கொடுக்கப்படுவது பொறுப்பு மட்டும், அதிகாரம் அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிறது. இடைக்காலப் பயிற்சியாளர் தமக்கு வேண்டிய துணைவர்களைத் தாமே தேர்ந்துகொள்ள இயலாது. அடுத்த ஆண்டு நீங்கள் இருப்பீர்களா என்று கேட்கும் பள்ளி மாணவனுக்கு அவரிடம் விடையில்லை. இந்நிலையில் நடக்கும் சில ஆட்டங்களை வைத்து ஒருவரின் ஐந்தாண்டு எதிர்காலத்தைக் கணிப்பது, முன்னுரையை மட்டும் படித்துவிட்டு நூலுக்கு மதிப்புரை எழுதுவதற்கு ஒப்பாகும்.

நிர்வாகங்கள் அவசரப்படுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2021 முதல் வீரர்கள் ஓராண்டு ஆடாமல் காத்திருக்கத் தேவையின்றிக் கல்லூரி மாறலாம். பயிற்சியாளர் யாரென்று தெரியாத அணியிலிருந்து வீரர்கள் கலைந்துபோவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காக, கடைசி ஆட்டத்தின் ஆரவாரம் அடங்குமுன் நியமன ஆணையை எழுத வேண்டியதில்லை. அளவுகோலை ஜனவரியிலேயே வகுத்துக்கொள்ளலாம். குழம்பிய அணியை அவர் எவ்வாறு ஒன்றாக வைத்திருந்தார்? பின்தங்கிய ஆட்டங்களில் அணியை எவ்வாறு மாற்றி அமைத்தார்? புதிய வீரர்களைச் சேர்க்க அவரிடமுள்ள திட்டம் என்ன? பிற வேட்பாளர்களோடு அவரையும் அமர்த்தி இவற்றைக் கேட்கட்டும். தேர்ந்தெடுத்தால் முழு அதிகாரத்தோடு, போதிய காலமும் கொடுக்கட்டும். தேர்ந்தெடுக்காவிடில் காரணத்தை நேராகச் சொல்லி நன்றியோடு அனுப்பட்டும். வெற்றிக் களிப்பில் கொடுத்து, அடுத்த சரிவில் பறிப்பதைவிட இது கண்ணியமான வழி.

ஃபிஷர் தகுதியானவரா என்ற வினாவுக்கு 1989இன் ஆறு ஆட்டங்கள் விடை தரவில்லை என்றே நாம் கருதுகிறோம். 1999இல் அவர் சான் டியாகோ ஸ்டேட் சென்றார். அதுவரை தேசியத் தொடரில் ஓர் ஆட்டத்தைக்கூட வென்றிராத அணி அது. முதல் வெற்றிக்கு 2011வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அப்பல்கலைக்கழகமும் காத்திருந்தது. 2017இல் அவர் ஓய்வு பெற்றபோது பொறுப்பு அவருடைய நெடுநாள் துணைவர் பிரையன் டட்சரிடம் சென்றது. 2023இல் அவ்வணி தேசிய இறுதியாட்டம்வரை சென்றது. ஒரு பயிற்சியாளரின் தகுதியை அறிய அத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன. இரசிகர்கள் அதை ஒரு மார்ச் மாதத்தில் அறிந்துவிட விரும்புகிறார்கள்.